பாஞ்சாலங்குறிச்சிக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிற குடும்பங்களில் பாதிக்கு மேல் போர்க்களத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுகின்றன. வண்டியை நிறுத்துகிறார்கள், தமிழக அரசு 1974-இல் கோட்டை வடிவில் கட்டிய நினைவு மண்டபத்துக்குள் போகிறார்கள், சுவர் ஓவியங்களைச் சுற்றிப் பார்க்கிறார்கள், கட்டபொம்மன் சிலையோடு போட்டோ எடுக்கிறார்கள். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த மண்டபத்தின் மேல் ஒரு பீரங்கிக் குண்டும் விழுந்ததில்லை. அடிதடி நடந்த பழைய கோட்டை அதற்குப் பக்கத்தில், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், புதைந்த அடித்தளமும் மேட்டு மண்ணுமாகக் கிடக்கிறது. பார்த்தவுடன் பிள்ளைகள் “இங்க என்ன இருக்கு?” என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலோடு போக வேண்டும். இந்தக் குறிப்புகள் அதற்காக.

முதலில் கதையைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். சினிமா வசனத்தை மட்டும் நம்பிப் போனால் களத்தில் ஒன்றும் பொருந்தாது. அங்கே நடந்தது ஒரு சண்டை அல்ல, இரண்டு. 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேன் படையோடு வந்து தாக்கியது முதலாவது. அன்றைக்குக் கோட்டை விழவில்லை. லெப்டினன்ட் காலின்ஸ் உட்பட அதிகாரிகளை இழந்து கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, பின்வாங்கியது. பாளையங்கோட்டையிலிருந்து கூடுதல் படை வருவதற்குள் கட்டபொம்மன் இரவோடு இரவாக வெளியேறினார். அவருடைய அமைச்சர் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள் பிடித்துக் கொடுக்க, அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்திவைத்து அவர்கள் கண்ணெதிரே தூக்கில் போட்டார்கள். கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

இரண்டாவது சண்டைதான் பெரியது. பலருக்கும் தெரியாததும் அதுதான். பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு காவலை உடைத்துத் தப்பினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் அப்போது மேஜர் மெக்காலே வீட்டில் விருந்தில் இருந்தார்கள். தப்பியவர்களைத் துரத்திக்கொண்டு படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து பார்த்தால், இடித்துப்போட்ட கோட்டை ஒரே வாரத்தில் மறுபடி எழும்பி, சுவர் நிறைய ஆட்களோடு நின்றது. படை திரும்பிப் போக வேண்டியதாயிற்று. மார்ச் 31-இல் மெக்காலே மறுபடி வந்து மோதிப் பார்த்தார்; அதுவும் தோல்வி. கர்னல் அக்னியூ கனமான பீரங்கிகளோடு வந்த பிறகு, மே 24-ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை மருதிருவரிடம் போய்ச் சேர்ந்தார். மருதிருவரை அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரையை நவம்பர் 16-ஆம் தேதி இதே பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து கொன்றார்கள். பிறகு கோட்டை மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். ஊரின் பெயரையே பதிவேடுகளிலிருந்து எடுத்தார்கள். இன்றைக்கு அங்கே ஒன்றும் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் வேண்டுமென்றே செய்த அந்த அழிப்பு. பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு முதல் பதில் இது.

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் இருந்தால் நெப்போலியனையும் சேர்த்துச் சொல்லுங்கள். பள்ளியில் தனித்தனியாகப் படித்த பாடங்கள் ஒன்றாகச் சேரும். 1799 ஜனவரியில் எகிப்திலிருந்த நெப்போலியன், கெய்ரோவிலிருந்து திப்பு சுல்தானுக்கு உதவிக்கு வருவதாகக் கடிதம் எழுதினார். அது திப்புவின் கைக்குப் போய்ச் சேரவில்லை, ஆங்கிலேயர் கையில் சிக்கியது. மே 4-ஆம் தேதி சீரங்கப்பட்டினம் விழுந்தது. மைசூர்ப் போருக்காக இழுத்துக்கொண்டுபோன படை அதன் பிறகுதான் தெற்கே திரும்பியது. நான்கே மாதத்தில் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சி வாசலில். கயத்தாற்றுத் தூக்குக்கு 24 நாள் கழித்து, நவம்பர் 9-ஆம் தேதி, நெப்போலியன் பாரிசில் ஆட்சியைக் கைப்பற்றினார். சீரங்கப்பட்டினத்தில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். அவருடைய அண்ணன் ரிச்சர்ட்தான் அப்போது இங்கே கவர்னர் ஜெனரல்.

எப்போது போவது

ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் ஒட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. தாத்தா ஆச்சிகள் வழுக்கி விழுவது அப்போதுதான். மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு போங்கள். ஆனி, ஆடியில் காற்று மண்ணை வாரி அடிக்கும். கண்ணில் தூசி விழுந்த குழந்தை அழ ஆரம்பித்தால் அதோடு வரலாறு முடிந்தது.

மே மாதத்தில் வெயிலைத் தவிர இன்னொன்றும் உண்டு. வீரசக்கதேவி கோயில் திருவிழா அந்த மாதத்தில்தான் நடக்கும். ஜோதி ஓட்டமும் கூட்டமுமாக ஊர் களைகட்டியிருக்கும். திருவிழா பார்க்க வேண்டுமென்றால் அதற்காகவே போகலாம். ஆனால் அந்நாட்களில் போலீஸ் தடை உத்தரவும் வாகனச் சோதனையும் இருப்பது வழக்கம், வெளியூர் வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கட்டபொம்மன், அவருடைய தளபதிகள் வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம் ஆகியோரின் பிறந்தநாள், நினைவுநாள்களிலும் இதே நிலைதான். கட்டபொம்மன் பிறந்தநாள் ஜனவரி 3, தூக்கிலிடப்பட்ட நாள் அக்டோபர் 16. போர்க்களத்தை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் இந்த நாள்களை விட்டுவிடுங்கள். சாதாரண செவ்வாய், புதன்கிழமை போனால் இடம் முழுவதும் உங்களுக்குத்தான்.

வழியும் வரிசையும்

நெல்லையிலிருந்து ஒரே நாளில் சுமார் 150 கிலோமீட்டர் சுற்றாகப் போய் வரலாம். பாளையங்கோட்டையில் தொடங்கி, வல்லநாடு வழியாகத் தூத்துக்குடிச் சாலையில் போய், தூத்துக்குடி ஊருக்குள் நுழையாமல் மதுரைச் சாலைக்குத் திரும்பி, குறுக்குச்சாலையில் ஒட்டப்பிடாரத்துக்குப் பிரியுங்கள். ஒட்டப்பிடாரத்திலிருந்து பாஞ்சாலங்குறிச்சி மூன்று கிலோமீட்டர்தான். திரும்பும்போது பசுவந்தனை, கடம்பூர் வழியாகக் கயத்தாறு போய், நான்குவழிச் சாலையில் நெல்லைக்கு வந்துவிடலாம். கங்கைகொண்டான், மணியாச்சி வழி தூரம் குறைவு. ஆனால் கிராமத்துச் சாலை, வளைவு அதிகம். பின் சீட்டில் வாந்தி எடுக்கிற பிள்ளை இருந்தால் அந்த வழி வேண்டாம்.

பாளையங்கோட்டையில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோட்டை இருந்ததால்தான் அந்த ஊருக்கே அந்தப் பெயர். இன்றைக்கு எஞ்சியிருப்பது கிழக்கு, மேற்கு வாசல் பகுதிகள்தான். மேற்கு வாசலின் மேலே போலீஸ் நிலையம் இருந்ததால் ஊரார் அதை மேடை போலீஸ் ஸ்டேஷன் என்பார்கள். காலை ஆறு மணிக்கு, கடைகள் திறக்கும் முன், வண்டியை ஓரம்கட்டி அந்தக் கல்சுவரைப் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். தொட்ட கல்லை நினைவில் வைத்திருக்கச் சொல்லுங்கள்; மண் கோட்டைக்குப் போய் நிற்கும்போது ஒப்பிட வேண்டும். அங்கிருந்து சிறை உடைப்பு இரவின் கதையைத் தொடங்கினால் தூத்துக்குடிச் சாலை வரைக்கும் காணும். விறகுக்கட்டுக்குள் ஆயுதம் ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்ற ஊர்ச்சொல்லையும் சேர்த்துச் சொல்லலாம். ஊர்ச்சொல் என்று சொல்லியே சொல்லுங்கள்.

1799 கதையை வண்டியிலேயே முடித்துவிடுங்கள். களத்தில் நின்று சொல்ல வேண்டியது 1801. அளவெடுத்து எழுதிவைக்கப்பட்டிருப்பது ஊமைத்துரையின் கோட்டைதான். இரண்டையும் அங்கே வைத்துச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

ஏழரை, எட்டு மணிக்குக் களத்தில் இருந்தால் பத்து மணிக்குள் பார்த்து முடித்துவிடலாம். பத்தரைக்கு மேல் அங்கே நிழல் என்று சொல்ல மண்டபத்தையும் ஓரிரு மரங்களையும் தவிர வேறில்லை. “காலையில கோயிலுக்குப் போயிட்டு, மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போவோம்” என்று கிளம்புகிறவர்கள்தான் மண்டபத்தோடு திரும்பிவிடுகிறவர்கள்.

பஸ்ஸில் போவதானால் பாஞ்சாலங்குறிச்சியையும் கயத்தாற்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். தூத்துக்குடி போய், அங்கிருந்து ஒட்டப்பிடாரம் பஸ், பிறகு ஆட்டோ. ஆட்டோக்காரரிடம் போக வரவும் காத்திருக்கவும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள். ஊருக்குள் திரும்பும் ஆட்டோ எளிதில் கிடைக்காது.

எடுத்துப்போக வேண்டியவை

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், மத்தியானம் வரைக்கும். ஆறு பேர் என்றால் ஒரு பத்து லிட்டர் கேனும் இரண்டு பாட்டிலும். எல்லோருக்கும் ஷூ, அல்லது தடித்த அடி கொண்ட செருப்பு. சீமைக்கருவேல முள் ரப்பர்ச் செருப்பை ஊடுருவி வந்து பாதத்தில் ஏறும், டயரையும் விடாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். முள் எடுக்க ஒரு ஊசியோ பின்னோ, கொஞ்சம் பஞ்சு, டெட்டால். குடை இரண்டு, தொப்பி வேறு.

சாப்பாட்டுக்குப் புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ கட்டுங்கள். தயிர்ச்சாதம் காரின் டிக்கியில் பத்து மணிக்கே புளித்துப்போகும். ஒட்டப்பிடாரத்தில் சின்ன ஓட்டல்கள் உண்டு, ஆனால் குழந்தைக்குக் காரமில்லாமல் கேட்டால் இட்லியைத் தவிர வேறு கிடைப்பது அபூர்வம். பங்குனி, சித்திரையில் வழியில் பதநீர் விற்பார்கள். காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏற ஏறப் புளிப்பேறி வயிற்றைக் கலக்கும். கழிவறை வேலையை நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கிலேயே முடித்துக்கொண்டு ஒட்டப்பிடாரத்துக்குத் திரும்புங்கள்.

இவற்றோடு சில வேடிக்கையான சாமான்கள்: 50 அடி நீளக் கயிறு ஒன்று, ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று, ஒரு கைப்பிடி வைக்கோல். எதற்கென்று கீழே வருகிறது.

மண்ணைப் படிப்பது

1801 சண்டையில் இருந்த ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், கோட்டையின் அளவை எழுதிவைத்திருக்கிறார்: கோணல்மாணலான நீள்சதுரம், சுமார் 500 அடிக்கு 300 அடி, முழுக்க மண், சுவர் உயரம் ஏறக்குறைய 12 அடி, சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் அடர்ந்த முள்வேலி, அகழி கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் காலை முழுவதும்.

முதல் வேலை, நடந்து அளப்பது. பெரியவர் ஒருவருக்கு ஓர் எட்டு இரண்டரை அடி என்று வையுங்கள். நீளத்துக்கு 200 எட்டு, அகலத்துக்கு 120. எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டு இரண்டடிதான் வரும். அதற்கு 250-உம் 150-உம். கயிறு இருந்தால் பத்துக் கயிறு நீளம், ஆறு கயிறு அகலம். பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள் போகும் வழி பூட்டியிருந்தால் வேலி ஏறாதீர்கள். வேலிக்கு வெளியே, யாருடைய விளைச்சலையும் மிதிக்காமல், திறந்த வெளியில் அதே அளவை நடந்து காட்டினாலும் விஷயம் புரிந்துவிடும். நடந்து முடித்ததும் பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் “இம்புட்டுதானா?” என்பதாகத்தான் இருக்கும். மொத்தம் மூன்றரை ஏக்கர்கூட இல்லை. அந்தச் சின்ன இடத்தை எடுக்க கும்பினிக்கு 1801-இல் பிப்ரவரியிலிருந்து மே கடைசி வரை ஆயிற்று.

அடுத்தது உயரம். 12 அடி என்றால் சாதாரண வீட்டின் தளத்துக்கு மேலே இன்னும் இரண்டடி. அப்பா நின்று கையைத் தூக்கினால் ஏழரை, எட்டு அடி எட்டும். மீதியைப் பிள்ளைகள் கண்ணால் அளந்து பார்க்கட்டும். அந்த உயரத்துக்கு ஒரு வாரத்தில் மண்ணைக் குழைத்து ஏற்ற எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடச் சொல்லலாம். இங்கேதான் பாளையங்கோட்டைக் கல்லை நினைவூட்ட வேண்டும். கல்சுவரில் குண்டு பட்டால் கல் பிளந்து சரியும். ஒட்டும் தன்மையுள்ள மண்சுவரில் சின்னப் பீரங்கிக் குண்டு உள்ளே போய்ப் புதைந்துகொள்ளும்; சுவர் நிற்கும். இலேசான பீரங்கிகளோடு வந்தபோதெல்லாம் கும்பினிப் படை சுவரைச் சரிக்க முடியாமல் தவித்ததற்கும், கனமான பீரங்கி வந்த பிறகு விழுந்ததற்கும் இதுதான் காரணம். இப்போது அரிசிப் பையைப் பிள்ளைகளிடம் தூக்கிக் கொடுங்கள். அந்தக் காலத்து 12 பவுண்டு குண்டு இந்தக் கனம்தான், ஆனால் இரும்பு. ஒரு சிறு தேங்காயைவிடப் பெரிதாக இருக்காது.

சுவரில் உடைப்பு விழுந்த பிறகும் ஏறிப் போக முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் கொத்தளத்தின் உட்பக்கத்தைக் குடைந்து பள்ளமாக்கி, அதற்குள் நின்று, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலான ஈட்டிகளால் உடைப்பின் உச்சியில் தலை காட்டுகிறவர்களைக் குத்தித் தள்ளினார்கள். கீழே நிற்பவன்மேல் துப்பாக்கிக் குண்டு படாது. மேலே ஏறுபவனுக்கு மறைவே கிடையாது. ஒரு சிறுமேட்டில் ஒரு பிள்ளையையும் அதன் மறுபக்கத்துப் பள்ளத்தில் இன்னொரு பிள்ளையையும் நிறுத்தினால் யார் யாரைப் பார்க்க முடிகிறது என்பது விளங்கிவிடும். குச்சி கொடுக்காதீர்கள், கண்ணில் குத்திக்கொள்வார்கள்.

துப்பாக்கிக் கணக்கு ஓட்டப்பந்தயமாக விளையாடக் கூடியது. அக்காலத்து மஸ்கட் துப்பாக்கி குறிபார்த்துச் சுட்டால் ஏறக்குறைய 100 கஜம், அதாவது 300 அடிக்குத்தான் நம்பகமாகப் படும். நன்றாகப் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். ஒருமுறை சுட்டு மருந்து கெட்டித்து மறுபடி சுட 20 விநாடி. ஒருவர் 20 வரை எண்ண, இன்னொருவர் 120 எட்டுத் தூரத்தை ஓடட்டும். ஓடி முடிப்பதற்குள் எத்தனை குண்டு வரும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். இந்த விளையாட்டைத் தரிசில், முள்ளில்லாத இடம் பார்த்து வையுங்கள். வெயிலேறிய பிறகு வேண்டாம்.

வைக்கோல் ஊமைத்துரைக்கு. பேச்சு வராத அவர் ஆட்களுக்கு எப்படிக் கட்டளையிட்டார் என்பதையும் வெல்ஷ் எழுதியிருக்கிறார். துண்டு வைக்கோல்களை உள்ளங்கையில் வரிசையாக அடுக்குவாராம். அது வெள்ளைக்காரப் படை. மறு கையை வீசி, வாயால் ஒரு சீழ்க்கை ஒலியோடு அவற்றைத் துடைத்துத் தள்ளுவாராம். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு. ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பயணத்தில் கடைசிவரை நினைவிருக்கப்போவது இது ஒன்றுதான். காற்றடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி நின்று செய்யச் சொல்லுங்கள்.

கோட்டை விழுந்த நாளின் கதையும் உண்டு. தப்பியோடும்போது காயப்பட்டு விழுந்து கிடந்த ஊமைத்துரையை, அடிபட்டுக் கிடந்த தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய் கண்டாள். சாகும் நிலையிலிருந்த மகன், தன்னை விட்டுவிட்டு சாமியைக் காப்பாற்று என்றான். அவரை வீட்டுக்குத் தூக்கிப்போய் வைத்திருந்தபோது கும்பினி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தார்கள். பெண்கள் அவரைத் துணியால் மூடி, பெரியம்மையில் செத்த உடம்பு என்று அழுதார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். இந்தக் கதையை ஆச்சிகளை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வேறு யார் சொன்னாலும் அந்த அழுகை வராது.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: மண்ணைத் தோண்டக்கூடாது, ஓட்டாஞ்சில்லோ செங்கல் துண்டோ எதையும் பையில் போட்டுக்கொள்ளக்கூடாது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது குற்றம். எங்கே கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அந்தச் சில்லு வெறும் சில்லாகிவிடும். டிரோன் பறக்கவிட அனுமதி வாங்க வேண்டும். கல்யாண போட்டோக்காரர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்குப் பிறகு மண்டபத்துக்குள் போங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஓவியங்கள் ஓவியரின் கற்பனை. கற்கோட்டை போலக் காட்டியிருப்பதைக் கண்டு, சற்று முன் மண்கோட்டையை அளந்த பிள்ளை “இது தப்பு” என்று சொன்னால் வந்த காரியம் முடிந்தது. ஜக்கம்மா என்கிற வீரசக்கதேவியின் கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்; அது கட்டபொம்மன் குலத்தாரின் குலதெய்வம், காட்சிப்பொருள் அல்ல. நாயைத் திருப்பி விரட்டிய முயலின் கதையை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வீரம் விளைந்த மண் என்றுதான் கோட்டை கட்ட இடம் தேர்ந்தார்களாம்.

அருகில் வெள்ளைக்காரர் கல்லறைகளும் இருக்கின்றன. இவற்றைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள், அது சரியல்ல. எதிரியின் கல்லறை இல்லாமல் போர்க்களம் பாதிதான். கல்லறையின் மேல் ஏறி உட்காரவிடாதீர்கள். புல் உயர்ந்திருக்கும் மாதங்களில் முன்னால் ஒருவர் தரையைத் தட்டிக்கொண்டே நடக்கட்டும், பாம்பு உண்டு.

பேச்சில் ஒரு கவனம். இந்தப் போரில் சண்டையிட்ட ஒவ்வொருவரின் பெயரும் இன்றைக்கு ஒரு சமுதாயத்தின் பெருமையாக இருக்கிறது. வல்லநாட்டில் வெள்ளையத்தேவனுக்கும், கவர்னகிரியில் சுந்தரலிங்கத்துக்கும் மணிமண்டபங்கள் உண்டு; வழியில் போய்ப் பார்ப்பது நல்லது. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து எட்டயபுரம் செய்தது சரியா, தப்பா, யார் காட்டிக்கொடுத்தது, யார் எந்தச் சாதி என்று தொடங்காதீர்கள். பிள்ளைகள் கேட்டால் வண்டிக்குள் ஏறிய பிறகு பேசிக்கொள்ளலாம்.

திரும்பும் வழி

ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, நூலகமும் உண்டு. அவர் பிறந்த நாள் 1872 செப்டம்பர் 5. பானர்மேன் கோட்டையைத் தாக்கியதும் ஒரு செப்டம்பர் 5-தான். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். வெயில் உச்சிக்கு வரும் நேரத்துக்கு இந்த நிழல் சரியாக வாய்க்கும்.

கடம்பூரில் போளி வாங்காமல் வராதீர்கள். சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும், வீட்டுக்குப் பொட்டலம் கட்டினால் மறுநாள் விறைத்துவிடும்.

கயத்தாற்றில் பலர் செய்யும் தவறு, நான்குவழிச் சாலையில் வந்த வேகத்தில் தாண்டிப் போய்விடுவது. போனால் நெடுந்தூரம் போய்த்தான் திரும்ப வேண்டும். எதிர்த்திசையில் வண்டியை விட்டுக் குறுக்கே திரும்பப் பார்க்கிறவர்களால் அந்தப் பக்கம் விபத்துகள் நடக்கின்றன. ஊர் நெருங்கும்போதே சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கி விசாரித்துக்கொள்ளுங்கள். நெல்லையிலிருந்து நேரே வருவதானால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பஸ்ஸில் வருகிறவர்கள் கோவில்பட்டி பஸ் கயத்தாற்றுக்குள் போகுமா என்று ஏறும் முன் கேளுங்கள், இடைநில்லா வண்டிகள் நிற்காது. அங்கே இருக்கும் சிலை, நடிகர் சிவாஜி கணேசன் சொந்தப் பணத்தில் இடம் வாங்கி 1970-இல் நிறுவியது. தூக்குப் போட்ட புளியமரம் இன்று இல்லை. இருபது நிமிடம் போதும். சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்கு விவரங்களை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தன் மரணத்தைவிட, கோட்டையை விட்டு வெளியே வந்ததற்காகத்தான் கட்டபொம்மன் வருந்தினார் என்று பானர்மேனே கடிதத்தில் எழுதியிருக்கிறார், அதைச் சொன்னால் போதும். காலையில் அந்தக் கோட்டையை நடந்து அளந்தவர்களுக்கு அது புரியும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால் வெயில் தாழ்ந்திருக்கும். சுற்றிலும் காற்றாலைகள், சின்னதுகள் எண்ணிக்கொண்டே நெல்லை வந்து சேர்ந்துவிடும்.

இன்னொரு நாள் கிடைத்தால் தெற்கே ஆரல்வாய்மொழிக்குப் போங்கள். திருவிதாங்கூர் அமைச்சர் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராக நடத்திய எழுச்சியை அடக்க வந்த கர்னல் செயின்ட் லெஜரின் படை, திருவிதாங்கூர்க் காவல் மதிலை 1809 பிப்ரவரி 10-ஆம் தேதி இங்கேதான் ஏறிப் பிடித்தது. இரவில் மலைப்பக்கமாக ஏறிய படையை நடத்திப்போனவர் பாஞ்சாலங்குறிச்சியை அளந்து எழுதிய அதே வெல்ஷ். மதில் வரிசையின் கடலோர முனையான வட்டக்கோட்டை இன்றும் முழுசாக நிற்கிறது. அங்கே கல்சுவரின் மேலேயே நடக்கலாம். காற்று பலமாக இருக்கும், பிள்ளைகளின் தொப்பிகளைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.